ஸ்டூடியோ சாவி யாரிடம் இருக்கிறது? மாணவர் வானொலி பற்றி ஓர் எளிய அறிமுகம்

மாணவர் வானொலி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, தேர்வு நேரத்துக்கான குறிப்புகள். இன்னொரு பக்கம், போராட்டக் காலங்களில் மட்டும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை மேடை ஒலிபெருக்கி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்: கோஷம் போடுவார்கள், கூட்டம் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். "சுயேச்சை", "மக்களின் குரல்" என்ற சொற்களும் இஷ்டத்துக்குப் புழங்குகின்றன. ஒரு கல்வி நிறுவனம் தன் விளம்பரத்துக்காக நடத்தும் நிலையத்துக்கும் மாணவர் வானொலி என்றுதான் பெயர். ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் ஆய்வகப் பொருள்களை வைத்துக் கட்டிய நிலையத்துக்கும் அதே பெயர்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம், ஒரு சின்ன நிலையம் எப்படி ஒரு பகுதி மக்களின் குரலாகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். வானொலி பற்றி முன்பே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் இருப்பது மாதிரி

ஒரு வீட்டில் நாம் குடியிருக்கிறோம். நமக்குப் பிடித்த வண்ணம் அடித்திருக்கிறோம், நண்பர்கள் வருகிறார்கள், ராத்திரி வரை பேச்சும் சிரிப்பும். வெளியிலிருந்து பார்த்தால் அது நம் வீடுதான். ஆனால் உரிமையாளர் வந்து "அடுத்த மாதம் காலி பண்ணுங்கள்" என்று சொல்லும் நாளில்தான் அது யாருடைய வீடு என்பது தெரியும்.

வானொலி நிலையமும் இப்படித்தான். மைக்கின் முன்னால் மாணவர்கள் உட்கார்ந்திருப்பதால் மட்டும் அது மாணவர்களின் வானொலி ஆகிவிடாது. சாவிகள் யாரிடம் என்று கேட்க வேண்டும். நான்கு சாவிகள் உண்டு: உரிமம், கருவிகள், பணம், நிகழ்ச்சி நிரல். உரிமம் என்பது இன்ன அலைவரிசையில் ஒலிபரப்பலாம் என்று அரசு தரும் அனுமதி. கருவிகளில் முக்கியமானது டிரான்ஸ்மிட்டர்: ஸ்டூடியோவில் பேசுவதை வானொலி அலையாக்கி ஆன்டெனா வழியே வெளியே அனுப்புகிற பெட்டி. பணம் என்றால் மின் கட்டணம், வாடகை, பழுது. நிகழ்ச்சி நிரல் என்பது எந்த நேரத்தில் யார் எதைப் பேசுவது என்கிற பட்டியல். பார்க்கச் சாதாரணமான காகிதம், ஆனால் அதை யார் எழுதுகிறார்கள் என்பது பெரிய விஷயம்.

சுயேச்சை என்று இங்கே நான் சொல்வது இதைத்தான்: இந்த நான்கில் எத்தனை சாவிகள் நிலையத்தை நடத்துகிறவர்களிடம் இருக்கின்றன என்பது. முழுச் சுயேச்சை அபூர்வம். பெரும்பாலான நிலையங்களில் இரண்டு சாவி இங்கே, இரண்டு அங்கே.

காற்றில் ஏன் இடம் போதவில்லை?

உரிமம் எதற்கு, யார் வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். ஒரே அறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால் யார் பேசுவதும் புரியாது, இல்லையா? ஒரே அலைவரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலையங்கள் ஒலிபரப்பினாலும் அதுதான் நடக்கும். அலைவரிசை என்பது வானொலிப் பெட்டியில் நாம் திருப்பி நிறுத்தும் அந்த எண். பெரும்பாலான நாடுகளில் எஃப்.எம். வானொலிக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஏறக்குறைய 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டு வைத்தால், ஒரு பெரிய நகரத்தில் சில டஜன் நிலையங்களுக்குத்தான் இடம் இருக்கும். இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் பங்கு போட ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் அரசு.

பங்கு போடும்போது பெரிய முதலீட்டோடு வருகிறவர்கள் முன்னால் நிற்பார்கள். மாணவர்களும் சாதாரண மக்களும் நுழைந்தது பெரும்பாலும் சின்ன வாசல் வழியாக. அமெரிக்காவில் 1948ல் கல்வி நிறுவனங்களுக்கு வெறும் 10 வாட் எஃப்.எம். நிலையங்களை அனுமதித்தார்கள். வாட் என்பது டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு சக்தியோடு அனுப்புகிறது என்பதன் அளவு. 10 வாட் என்றால் ஒரு சாதாரண மின்விளக்கின் அளவு சக்தி. 2000ல் அதே நாட்டில் குறைந்த திறன் எஃப்.எம். என்ற புதிய வகை வந்தது. அதன் உச்சவரம்பு 100 வாட், கேட்கும் தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்.

ஐந்தாறு கிலோமீட்டர்தானா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சாக்கடை நாறும், அந்தப் பேருந்து நிற்காமல் போகும், அந்த நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும். பேசுகிறவரும் கேட்கிறவரும் மறுநாள் தெருவில் சந்தித்துக்கொள்ளும் தூரம் அது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அலைவரிசை குறைவாக இருப்பதால் உரிமம் வருகிறது, உரிமம் வருவதால் அதை வைத்திருப்பவருக்கு அதிகாரம் வருகிறது. மாணவர் வானொலியின் பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

சாவி கைமாறும்போது

அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தி வந்த நிலையம் கே.டி.ஆர்.யு. 50,000 வாட், அதாவது நகரம் முழுக்கக் கேட்கும். வேறெங்கும் கிடைக்காத இசைக்குப் பெயர் போனது. 2010ல் பல்கலைக்கழகம் அந்த அலைவரிசையையும் டிரான்ஸ்மிட்டரையும் 95 லட்சம் டாலருக்கு இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு விற்க முடிவு செய்தது. மாணவர்கள் எதிர்த்தார்கள், மனு போட்டார்கள். 2011ல் விற்பனை முடிந்துவிட்டது. இசைத்தட்டுகளை அடுக்கியவர்களும் நள்ளிரவில் விழித்திருந்து நிகழ்ச்சி நடத்தியவர்களும் மாணவர்கள். உரிமம் பல்கலைக்கழகத்தின் பெயரில். வாடகை வீட்டுக் கதைதான். 2015ல் அவர்கள் குறைந்த திறன் எஃப்.எம். வழியாக மறுபடி காற்றில் ஏறினார்கள், மிகச் சின்ன வட்டத்தோடு.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வேறு மாதிரி நடந்தது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக வளாகத்தில், மாணவர் சங்கக் கட்டடத்திலிருந்து 1975 டிசம்பர் 8 அன்று 4இஸட்இஸட்இஸட் என்ற நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. வியட்நாம் போர் எதிர்ப்பு, 1971ல் இனவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் ரக்பி அணி வந்தபோது எழுந்த எதிர்ப்பு ஆகியவற்றில் ஊறியவர்கள் அதைத் தொடங்கினார்கள். தங்கள் பக்கத்தை எந்தப் பத்திரிகையும் சரியாகச் சொல்லவில்லை என்பது அவர்களின் கோபம். 1977ல் குவீன்ஸ்லாந்து அரசு தெரு ஊர்வலங்களுக்குத் தடை போட்டபோது, தெருவில் என்ன நடக்கிறது என்று அறிய மக்கள் திருப்பிய நிலையங்களில் அதுவும் ஒன்று.

1988 டிசம்பரில் அதே மாணவர் சங்கத்தின் புதிய நிர்வாகிகள் நிலையத்தை வளாகத்தைவிட்டு வெளியேற்ற முயன்று ஒலிபரப்பை நிறுத்தினார்கள். கேட்டுப் பழகிய மக்கள் வளாகத்தில் கூடிவிட்டார்கள். ஒலிபரப்பு திரும்ப வந்தது. ஆனாலும் நிலையத்துக்குப் பாடம் புரிந்துவிட்டது. வளாகத்தைவிட்டு வெளியேறி, பிற்பாடு நேயர்களின் சந்தா பலத்தில் நகரத்தில் சொந்தமாகவே ஒரு கட்டடம் வாங்கிக்கொண்டது. கவனியுங்கள், நிலையத்தை அடைக்கப் பார்த்தது அரசு அல்ல, பெருநிறுவனமும் அல்ல. மாணவர் சங்கத்திடம் சாவி இருந்தால் போதும், எல்லாம் பத்திரம் என்று நினைப்பதும் தவறு.

சாவி வேறிடம் இருந்தும் சுதந்திரமாக இயங்குகிற நிலையங்களும் உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்து டபிள்யு.கே.சி.ஆர். உரிமம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருக்கிறது. ஆனாலும் 1968ல் மாணவர்கள் கட்டடங்களைப் பிடித்து உட்கார்ந்தபோதும், 2024 ஏப்ரல் 30 இரவு காவல்துறை வளாகத்துக்குள் நுழைந்தபோதும் அங்கிருந்து நேரடியாகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த மாணவர் நிலையம். வெளி நிருபர்கள் நுழைய முடியாத இடத்தில் மாணவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். சாவியைப் போலவே, வருடக்கணக்காகக் கட்டிக் காத்த வழக்கமும் ஒரு பாதுகாப்பு. ஆனால் அது எழுதி வைத்த பாதுகாப்பு அல்ல.

பணம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1949ல் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ., மாணவர் நிலையம் இல்லை என்றாலும், நேயர்களே காசு கொடுத்து ஒரு வானொலியைத் தாங்க முடியும் என்று காட்டியது. உலகெங்கும் பல மாணவர் நிலையங்கள் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டன.

பேட்டி கொடுப்பது வேறு, நேரம் வைத்திருப்பது வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மக்கள் இயக்கம் என்று எதைச் சொல்கிறோம்? ஒரு பிரச்சினையால் அடிபட்டவர்களே கூடி, அவர்களே முடிவெடுத்து நடத்துகிற முயற்சி. அவர்கள் சார்பாக வேறு யாரோ பேசுவது இதில் சேராது. இந்த வரையறையை ஒப்புக்கொண்டால், வானொலியும் அதே கேள்வியைச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

ஒரு குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய தொலைக்காட்சி நிருபர் வருவார். ஓர் அம்மாவிடம் மைக்கை நீட்டுவார். அவர் பத்து நிமிடம் பேசுவார்; அழுத இடத்தை மட்டும் இருபது வினாடி வெட்டிப் போடுவார்கள். பேசியது அவர்தான், குரலும் அவருடையதுதான். ஆனால் எதைச் சொன்னதாக உலகம் கேட்டது என்பதை முடிவு செய்தது வேறொருவர்.

மாணவர் நிலையம் ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும்? "புதன்கிழமை மாலை ஆறிலிருந்து ஏழு உங்கள் நேரம்" என்று நிகழ்ச்சி நிரலில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். முதல் வாரம் அந்த அம்மா ஸ்டூடியோவுக்குள் வந்து நாற்காலி நுனியில் உட்காருகிறார். ஹெட்ஃபோனை மாட்டியதும் தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டுக் கழற்றிவிடுகிறார். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்காருங்கள், காகிதத்தைச் சரசரக்காதீர்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் நீங்கள் பேசுவது ஊருக்கே கேட்கிறது என்று ஒரு மாணவி சொல்லிக்கொடுக்கிறாள். முதல் நாள் அவர் நோட்டீஸைப் படிக்கிறார், அவ்வளவுதான். வரிக்கு வரி, தேதியோடு.

இரண்டாவது வாரம் தொலைபேசி வருகிறது: பக்கத்துத் தெருவிலும் அதே நோட்டீஸ், ஆனால் தேதி வேறு. நான்காவது வாரம் ஒரு வழக்கறிஞர் வந்து மேல்முறையீடு என்றால் என்ன என்று விளக்குகிறார். குறுக்கே கேள்வி கேட்பது அந்த அம்மா. ஆறாவது வாரம் அதிகாரி ஒருவரை அழைக்கிறார்கள். வந்தால் பதில் சொல்ல வேண்டும், வராவிட்டால் "அழைத்தோம், வரவில்லை" என்று அறிவிப்பார்கள். அடுத்த புதனும் அறிவிப்பார்கள்.

இந்தத் தொடர்ச்சிதான் வேலையைச் செய்கிறது. ஒருநாள் செய்தி மறுநாள் பழசாகிவிடும். வாராவாரம் அதே நேரத்தில் அதே குரல் வரும்போது மூன்று காரியம் நடக்கிறது. தனித்தனியாக முட்டி மோதிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பிரச்சினை ஒன்றுதான் என்று கண்டுகொள்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு மறந்துவிட வசதி இல்லாமல் போகிறது. அப்புறம், பேசிப் பழகாதவர்கள் பேசப் பழகுகிறார்கள். கடைசியாகச் சொன்னதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். ஒரு மணி நேரம் நிகழ்ச்சி நடத்தக் கற்றவர், நாளை எந்தக் கூட்டத்திலும் யாருடைய தயவுமின்றி எழுந்து பேசுவார்.

மேலே சொன்ன பிரிஸ்பேன் நிலையத்தில் சிறைக்கைதிகளுக்கும் வெளியே இருக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமென்றே ஒரு நிகழ்ச்சி உண்டு. சுவருக்கு உள்ளே இருப்பவருக்கு ஒரு பாட்டும், அதற்கு முன்னால் வீட்டிலிருந்து இரண்டு வரியும். வானொலி அலைக்குச் சுவர் கிடையாது.

எல்லா வழியும் அடைபட்டபோது

நெருக்கடிக் காலக் கதைகள்தான் அதிகம் பேசப்படுகின்றன. அவற்றில் ஒன்றையாவது நிதானமாகப் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்த 1973 நவம்பர். 14ஆம் தேதி ஏதென்ஸ் பாலிடெக்னிக் வளாகத்தை மாணவர்கள் பிடித்து உட்கார்ந்தார்கள். பொறியியல் மாணவர்கள் ஆய்வகத்தில் கிடந்த பொருள்களை வைத்தே ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டிவிட்டார்கள். "இங்கே பாலிடெக்னிக்!" என்ற அழைப்போடு நகரம் முழுக்கக் குரல் போனது. மருந்து தேவை, உணவு தேவை, வாசலுக்கு வாருங்கள் என்று அதில் சொன்னார்கள். மக்கள் வந்தார்கள். 17ஆம் தேதி அதிகாலை ராணுவ டாங்கி வளாகத்தின் இரும்பு வாசலை இடித்துக்கொண்டு நுழைந்த கடைசி நேரம் வரை, சிப்பாய்களைச் சகோதரர்களே என்று அழைத்துக்கொண்டு அந்தக் குரல் கேட்டது. அறிவிப்பாளர்களில் ஒருவரான மரியா தமனாகி பின்னாளில் ஐரோப்பிய ஆணையத்தின் உறுப்பினரானார்.

உரிமமில்லை, திட்டமிட்ட நிகழ்ச்சி நிரல் இல்லை. ஆனால் இருந்த சாவிகள் எல்லாம் முழுசாக மாணவர்கள் கையில் இருந்தன, மூன்றே நாளுக்கு.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் பி92 வானொலி, 1989ல் இளைஞர் அமைப்பு ஒன்றின் தற்காலிக நிலையமாகத் தொடங்கியது. 1996 டிசம்பரில் தேர்தல் மோசடியை எதிர்த்து மாணவர்களும் மக்களும் தெருவில் இருந்தபோது அதன் டிரான்ஸ்மிட்டர் அணைக்கப்பட்டது. நிலையம் இணையம் வழியே ஒலியை அனுப்பத் தொடங்கியது. வெளிநாட்டு வானொலிகள் அதை எடுத்துத் திரும்ப ஒலிபரப்பின. இரண்டே நாளில் அலைவரிசை திரும்பி வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இன்னும் எளிய வழி: இனவெறி ஆட்சியில் வானொலிக்கு அனுமதி கிடைக்காது என்பதால், 1980களில் பேச்சையும் கவிதையையும் இசையையும் கேசட்டில் பதிந்து கைமாற்றினார்கள். அந்த முயற்சியிலிருந்து பிறந்த புஷ் ரேடியோ, 1993ல் உரிமமின்றி ஒலிபரப்பிக் காவல்துறையிடம் கருவிகளைப் பறிகொடுத்து, 1995ல் முறையான உரிமம் வாங்கியது.

சுருக்கமாக: அலைவரிசை, இணையம், கேசட் எல்லாம் பாதைகள்தான். அடைபட்ட பாதைக்கு மாற்றுப் பாதை கண்டுபிடித்துவிடலாம். கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும், அந்த ஆட்களை நெருக்கடி வருவதற்கு முன்பே சம்பாதித்திருக்க வேண்டும்.

சுயேச்சை என்றால் எதையும் பேசலாமா?

கிடையாது. இத்தாலியின் பொலோன்யாவில் 1976ல் தொடங்கிய ரேடியோ ஆலிஸ், தொலைபேசியில் அழைப்பவர்களை அப்படியே காற்றில் விட்டது. அருமையான யோசனை. ஆனால் 1977 மார்ச்சில் ஒரு மாணவர் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியாகி நகரமே கொந்தளித்தபோது, மோதலை வழிநடத்தியதாகக் குற்றஞ்சாட்டி, மார்ச் 12 அன்று காவல்துறை நிலையத்துக்குள் புகுந்து மூடியது. புகுந்த சத்தமும் நேரடியாக ஒலிபரப்பானது. குற்றச்சாட்டின் நியாயம் தனி விவாதம். நிலையம் நடத்துகிறவர்களுக்கு இதில் கறாரான பாடம் உண்டு: நேரடி ஒலிபரப்பில் வாயிலிருந்து போனதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் சில வினாடி தாமதித்து அனுப்பும் கருவியைப் பல நிலையங்கள் வைத்திருக்கின்றன. பேசுபவரின் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் சொல்லலாமா என்று முன்கூட்டியே அவரிடம் கேட்பதும், கேள்விப்பட்டதைச் சரிபார்க்காமல் சொல்லாமலிருப்பதும் இன்னும் முக்கியம். தவறான தகவலால் அடிபடப்போவது அந்தக் குடியிருப்புக்காரர்கள்தான், ஸ்டூடியோவில் இருப்பவர்கள் அல்ல.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் வளாக வானொலி 2004ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2006ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் இப்படிப்பட்ட நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அதே நேரம், குடிநீர், மின்சாரம், வானிலை போன்ற உள்ளூர்த் தகவல்களைச் சொல்லலாம். தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளாக வரவில்லை என்பதை அந்தத் தெருக்காரரே வந்து சொல்வதில் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாணவர்கள் போய்விடுவார்களே

மாணவர் வானொலியின் உண்மையான பலவீனம் எது என்று கேட்டால் தணிக்கையையோ பணத்தையோ முதலில் சொல்ல மாட்டேன். மூன்று நான்கு வருடத்தில் எல்லாரும் படிப்பை முடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். டிரான்ஸ்மிட்டர் சூடானால் எந்த ஜன்னலைத் திறக்க வேண்டும், உரிமத்தை எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், எந்த அதிகாரி தொலைபேசியை எடுப்பார் என்பதெல்லாம் ஒரு தலைக்குள் இருந்து, அந்தத் தலையோடு ரயில் ஏறிவிடும். மக்கள் இயக்கங்களோ பத்து வருடம், இருபது வருடம் நடக்கிறவை.

1968 மாணவர் எழுச்சியைத் தொடர்ந்து 1969ல் ஸ்லோவீனியாவின் லியூப்லியானாவில் தொடங்கிய ரேடியோ ஸ்டூடென்ட் இன்றும் ஒலிக்கிறது. இத்தனை தலைமுறை மாணவர்களைத் தாண்டி ஒரு நிலையம் நிற்க வேண்டுமென்றால், சொல்லிக்கொடுப்பதையும் நிகழ்ச்சி நிரலில் ஒரு வேலையாக வைக்க வேண்டும். எழுதி வைப்பது, பழைய ஒலிப்பதிவுகளைத் தேதியிட்டு அடுக்குவது, கடைசி வருட மாணவர் முதல் வருட மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து மூன்று மாதம் பழக்குவது எல்லாம் இதில் அடக்கம்.

அப்புறம், ஊர்க்காரர்களை விருந்தாளியாக வைத்திருக்காமல் நிலையத்தின் ஆட்களாக ஆக்கிக்கொள்வது. அப்படி நடந்த நிலையத்தில், புதிதாக வந்த மாணவிக்கு மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும், சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லிக்கொடுப்பது, ஆறு வருடமாகப் புதன்கிழமை தவறாமல் வருகிற அந்த அம்மாதான்.